உளமார உறுதி கூறுகிறேன்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வழக்கில் சாட்சியாகக் கூண்டில் நின்றேன். கடவுளின் பெயரால் உண்மை சொல்வதாக ஆணையிடும்படி எழுத்தர் வாசகத்தை எடுத்துக்கொடுத்தார். என் தயக்கத்தைக் கண்ட நீதிபதி, "உளமார உறுதி கூறினாலும் போதும்" என்றார். அவ்வாறே கூறினேன். இறைநம்பிக்கை இல்லாத எனக்கு அது சட்டம் தந்த ஒரு சிறு வசதியாகவே அன்று தோன்றியது. அந்தத் தொடர் எங்கிருந்து வந்தது என்பது, மதச் சகிப்பின் வரலாற்றை ஆய்வுக்கென எடுத்துக்கொண்ட பிறகே புலப்பட்டது.

ஜான் லாக், 1685இல் நெதர்லாந்தில் தஞ்சம் புகுந்திருந்தபோது, சகிப்புத்தன்மை குறித்த தம் கடிதத்தை இலத்தீனில் எழுதினார். 1689இல் அது அச்சேறியது. தாராளவாதத்தின் மூலநூல்களுள் ஒன்றாக இன்று அதைப் பயில்கிறோம். ஆனால் அதன் ஆதார வாதங்களுள் முதன்மையானது இறையியல் சார்ந்தது. மனம் ஒப்பாத வழிபாட்டைக் கடவுள் ஏற்பதில்லை. வாள் உடலைப் பணியவைக்கும், நம்பிக்கையை உண்டாக்காது. ஆகவே ஆன்மாவின் மீட்பு அரசின் பொறுப்பில் அடங்காது.

அதே கடிதம் நாத்திகரை வாசலுக்கு வெளியே நிறுத்துகிறது. கடவுளை மறுப்பவரை வாக்குறுதியோ ஒப்பந்தமோ சத்தியமோ கட்டுப்படுத்தாது என்பது லாக் காட்டும் காரணம். அந்தப் பகுதியைப் படித்தபோது சாட்சிக் கூண்டு நினைவுக்கு வந்தது. லாக்கின் நீதிமன்றத்தில் என் சொல் செல்லாது.

பின் அந்த வாசலைத் திறந்தவர் யார்? தீவிரக் கிறித்தவர்களான குவேக்கர்கள். ஆணையிடவே வேண்டாம் என்ற மலைப்பொழிவின் போதனையை எழுத்துப் பிசகாமல் ஏற்றவர்கள் அவர்கள். சத்தியம் செய்ய மறுத்துச் சிறை சென்றார்கள். 1690களில் இங்கிலாந்து நாடாளுமன்றம் அவர்களுக்கெனச் சத்தியத்துக்கு மாற்றான உறுதிமொழியை ஏற்றது. 1880இல் நார்தாம்ப்டனிலிருந்து தேர்வான நாத்திகர் சார்லஸ் பிராட்லா அந்த வழியே அவைக்குள் நுழைய முயன்றார். அனுமதி நிலைக்கவில்லை. தொகுதி மக்கள் அவரையே மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள். 1886இல்தான் அவையில் நிலையாக அமர்ந்தார். அவருடைய முயற்சியால் 1888இல் உறுதிமொழி அனைவருக்கும் உரிமையானது. நம் அரசமைப்பின் மூன்றாம் அட்டவணை இரு வாசகங்களையும் அருகருகே வைத்திருக்கிறது.

மதச்சார்பின்மை கிறித்தவ மண்ணில் முளைத்தது, ஆகவே நமக்கு அந்நியம் என்று கருத்தரங்குகளில் சிலர் வாதிடுகின்றனர். அதற்கு மறுமொழியாக, அதற்கும் மதத்துக்கும் தொடர்பே இல்லை என்கின்றனர் வேறு சிலர். வேரை மறைக்க வேண்டியதில்லை என்பதே என் நிலைப்பாடு. வேர் எங்கே இருந்தாலும் கனி உண்ண எனக்கும் உரிமை உண்டு. ஆனால் அதோடு ஒரு கடனும் சேர்ந்தே வருகிறது.

குவேக்கர்கள் எனக்காகச் சிறை செல்லவில்லை. தம் ஆண்டவருக்குக் கீழ்ப்படிந்தே சென்றார்கள். அந்தப் பிடிவாதத்தின் பயனை நம்பிக்கையற்ற நான் துய்க்கிறேன். கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், நாட்டுப்பண் ஒலித்தபோது மரியாதையுடன் எழுந்து நின்றும் பாடாததற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். 1986இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. அவர்கள் பாட மறுத்த காரணத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஆயினும் அவர்களுக்காகப் பேச எனக்குக் கடமை இருக்கிறது. எனக்கான வாசலைத் திறந்ததும் அத்தகைய ஒரு மறுப்புதானே.