புதிதாக வருகிறவரின் ஸ்கேட்

அணிக்குப் புதிதாக ஒருவர் வந்தால் பயிற்சியாளர் அவருடைய ஆட்டத்தைப் பார்ப்பார். நான் அவருடைய ஸ்கேட்டை வாங்கித் திருப்பி, அடியிலிருக்கும் எஃகுத் தகட்டைப் பார்ப்பேன். வட அமெரிக்காவின் சிறு நகரங்களில், இரண்டாம் படி, மூன்றாம் படி ஐஸ் ஹாக்கி அணிகளின் சாமான் அறையைக் கவனிப்பது என் தொழில். ஸ்கேட் தீட்டுவது, சட்டையில் பெயர் தைப்பது, ஸ்டிக்கை அளவுக்கு அறுப்பது, நனைந்த கையுறைகளை விடிவதற்குள் உலர வைப்பது எல்லாம் எங்கள் பாடு. நட்சத்திரங்களாகப் போகிற பையன்கள் இந்த அறையில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு மேலே போய்விடுவார்கள். என் மனம் ஒட்டிக்கொண்டது ஊர் ஊராக மாறி ஆடுகிற இன்னொரு வகையினரிடம். முப்பது வயதை ஒட்டியிருப்பார்கள். பையில் முந்தைய அணியின் முத்திரை இருக்கும். இந்தப் பருவம் இங்கே, அடுத்தது எங்கே என்று அவர்களுக்கே தெரியாது. அவர்கள் கையில் இருப்பது தனித் தொழில்திறன் என்று நான் நம்புகிறேன். அதைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு.

முதலில் அந்தத் தகடு. தடிமன் ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர். அதன் அடிப்பக்கம் தட்டையாக இருக்காது, நீளவாக்கில் குழிந்திருக்கும். அந்தக் குழியின் இரண்டு ஓரங்கள்தான் ஐஸைக் கடிக்கின்றன. சாணைச் சக்கரத்தின் முகத்தை வைரமுனையால் வளைவாக்கிக்கொண்டு, அதில் தகட்டை ஓட்டுவோம். சக்கரத்தின் வளைவு தகட்டில் இறங்கும். வளைவின் ஆரம் அரை அங்குலம் என்றால் பலருக்கும் ஒத்துப்போகும். 3/8 என்றால் குழி ஆழம், கடி பலம். சட்டென்று திரும்பலாம், சட்டென்று நிற்கலாம். ஆனால் வழுக்கு குறைந்துவிடும், ஆட்டத்தின் கடைசிப் பகுதியான மூன்றாவது பீரியடில் தொடை சொல்லும். 5/8, 3/4 என்று போனால் ஓட்டம் சுகம், பிடி குறைவு. கனத்த உடம்புக்காரர் தன் பாரத்தாலேயே ஐஸைக் கடிப்பார், அவருக்கு ஆழம் வேண்டாம். கெட்டி ஐஸுக்கு ஆழம் வேண்டும். வெப்பமான, ஈரமான ஊர்களின் மெத்தென்ற ஐஸில் அதே ஆழம் காலைப் பிடித்து இழுக்கும்.

இளம் ஆட்டக்காரர்கள் இதை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். நேற்று கோல் அடித்தால் அதே அளவு, இன்று விழுந்தால் வேறு அளவு. வெளியூரிலிருந்து இரவோடு இரவாக வந்து சேர்ந்த அனுபவசாலியிடம் கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: “அரை இன்ச் போதும். ரெண்டு ஓரமும் சமமா இருந்தா சரி.” அந்த இரண்டாவது வாக்கியத்தில்தான் விஷயம் இருக்கிறது. குழியின் ஆழம் எந்த ஊரிலும் ஏறத்தாழ ஒன்றுபோல வரும். ஆனால் தீட்டுகிறவரின் கை நிதானமில்லை என்றால் ஓர் ஓரம் உயர்ந்தும் மற்றது தாழ்ந்தும் போகும், அந்தப் பக்கம் சாயும்போது கால் நழுவும். நான் தீட்டி முடித்ததும் தகட்டின் குறுக்கே ஒரு சிறு மட்டத்தை வைத்துப் பார்ப்பேன். அப்படி வந்தவர்களில் ஒருவர் பக்கத்தில் நின்று அதைக் கவனித்தார். மட்டம் நேராக நின்றது. ஒன்றும் சொல்லாமல் ஸ்கேட்டை வாங்கிக்கொண்டு போய், நகத்தின் மேல் ஓரத்தை மெல்ல இழுத்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நகத்தைச் சீவியது. அதன் பிறகு அந்தப் பருவம் முழுக்க அவர் என்னிடம் ஸ்கேட்டைப் பற்றி எதுவும் கேட்டதில்லை.

ஏன் அரை அங்குலம் என்று ஒருமுறை அவரிடம் விசாரித்தேன். முன்பு 7/16 வைத்திருந்தாராம். ஒவ்வோர் ஊரிலும் சக்கரத்தை மாற்றிச் செதுக்கச் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு கோடை முழுவதும் அரை அங்குலத்தில் ஓடிக் காலைப் பழக்கிக்கொண்டார். ஸ்டிக்கிலும் அதே கதை. மட்டையின் வளைவுக்குத் தனக்கென்று ஒரு வார்ப்பு வைத்துக்கொள்வது மேல்தட்டு அணிகளில் நடக்கும். கீழே அப்படி இல்லை. இவர் எந்தக் கடையிலும் கிடைக்கிற பி-92 வளைவுக்கு மாறியிருந்தார். முந்தைய மாதம் வேறு அணிக்கு விற்கப்பட்ட ஒருவரின் பெயர் அச்சிட்ட ஸ்டிக்குகள் என் அறையில் கிடந்தன. அதில் இரண்டை எடுத்து, நுனியை அறுத்து, டேப் சுற்றி அன்றிரவே ஆடினார். புது இடம் தர முடியாத எதுவும் தனக்குத் தேவைப்படக் கூடாது என்று இவரைப் போன்றவர்கள் உடம்பையும் பழக்கத்தையும் பல வருடமாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். இதைச் சமரசம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. இதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடம்.

வந்த அன்று அவர்களைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும் என்று வெளியாட்கள் நினைப்பார்கள். கால்சட்டைக்கு மேல் எங்கள் அணி நிறத்தில் ஓர் உறை மாட்டிவிடுவோம், ஹெல்மெட்டை மாற்றிவிடுவோம், ஆனால் கையுறை மட்டும் பழைய அணியின் பச்சையிலோ ஆரஞ்சிலோ இருக்கும். பழகிய கையுறையை உடனே மாற்றினால் ஸ்டிக்கின் தொடுகை போய்விடும். சட்டையின் முதுகில் பெயர்ப்பட்டை தைப்பது மதியத்துக்குள் முடிய வேண்டும். பழைய பெயரின் தையலைப் பிரிக்கும்போது துணியில் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரியும். புதுப் பெயர் சின்னதாக இருந்தால் அந்தத் துளைகள் இரண்டு பக்கமும் வெளியே நிற்கும். நான் நீராவி காட்டித் தேய்ப்பேன். முதுகில் இன்னொருவரின் தடம் தெரியாமல் ஒருவர் களத்தில் இறங்குவது எனக்கு முக்கியம்.

களத்தில் அவர்கள் செய்வதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். புதிதாக வந்த தடுப்பாளர் முதலில் பேசப் போவது பயிற்சியாளரிடம் இல்லை, கோல்காப்பாளரிடம். பின்சுவரைச் சுற்றி வரும் பக்கை, அந்த ரப்பர் வட்டை, நீங்கள் வெளியே வந்து நிறுத்துவீர்களா, நிறுத்தினால் எந்தப் பக்கம் விடுவீர்கள் என்று கேட்பார். அது தெரிந்தால் ஒரு ஆட்டத்தில் பலமுறை அரை நொடி மிச்சம். பிறகு யாருமில்லாத நேரத்தில் பக்கைச் சுவரின் பல இடங்களில் அடித்துப் பார்ப்பார். இங்கே ஏறக்குறைய எல்லா ரிங்கும் 200 அடிக்கு 85 அடிதான் என்றாலும் சுவர் சுவராகத் துள்ளல் வேறு. கண்ணாடிப் பலகைகள் சேரும் இடத்தில் பக் எங்கே திரும்பும் என்பது அந்தந்த ஊருக்கே உரியது. எதிரணி நம் பகுதிக்குள் வந்தால் ஆளுக்கு ஆளா, இடத்துக்கு ஆளா, பெனால்டியின் இரண்டு நிமிடத்தில் ஓர் ஆள் குறைவாக நிற்கும்போது முதலில் யார் முன்னேறுவது, இவ்வளவையும் காலைப் பயிற்சியிலேயே வாங்கிக்கொள்வார். சாயங்காலம் வேலியைத் தாண்டி ஐஸில் குதித்தால் நாற்பது, நாற்பத்தைந்து நொடி. திரும்பி வந்து உட்கார வேண்டும். அந்த நொடிகளில் அவர் கண்ணில் படாமல் இருந்தால் நன்றாக ஆடியிருக்கிறார் என்று பொருள்.

உச்சப் படியான என்.எச்.எல். லீகிலும் இந்தத் தொழிலைச் செய்தவர்கள் உண்டு. மைக் சில்லிஞ்சரை 1989இல் டெட்ராய்ட் அணி, இளம் ஆட்டக்காரர்களுக்கான வருடாந்தரத் தேர்வின் முதல் சுற்றில் 11ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. ஓய்வு பெற்றபோது அவர் என்.எச்.எல். லீகில் 12 அணிகளுக்கு ஆடியிருந்தார். ஒன்பது முறை ஓர் அணி இன்னோர் அணியிடம் அவரைக் கைமாற்றியிருந்தது. மொத்தம் 1,049 ஆட்டங்கள். இத்தனை பேர் அவரை விட்டார்களே என்று இதைப் படிப்பது தவறு. இத்தனை பேர் அவரைக் கேட்டு வாங்கினார்கள். நடுவர் பக்கைப் போடும் ஃபேஸ்-ஆஃபில் நம்பி நிறுத்தலாம், ஆள் குறைவாக ஆடும்போது இறக்கலாம். எந்த அணியிலும் அந்த இரண்டு வேலைக்கும் ஆள் தேவை. அவருடைய மகன் கோல் சில்லிஞ்சர் 2003இல் கொலம்பஸ் நகரில் பிறந்தார், அப்பா அந்த ஊர் அணியில் ஆடிக்கொண்டிருந்த காலம். 2021இல் அதே கொலம்பஸ் அணி மகனை முதல் சுற்றில் 12ஆவதாகத் தேர்ந்தெடுத்தது.

நான் வேலை செய்யும் படிகளில் விதிகள் இன்னும் கடினம். என்.எச்.எல். லீகுக்கு அடுத்த படியான ஏ.எச்.எல். லீகில் ஓர் அணி இறக்கும் 18 ஆட்டக்காரர்களில், கோல்காப்பாளர்கள் நீங்கலாக, குறைந்தது 13 பேர் ‘வளரும் ஆட்டக்காரர்’களாக இருக்க வேண்டும். அதில் 12 பேர் 260 தொழில்முறை ஆட்டங்களுக்கு மேல் ஆடியிருக்கக் கூடாது. ஒருவருக்கு 320 வரை விலக்கு. மிச்சம் ஐந்து இடம். அதற்கும் கீழே இ.சி.எச்.எல். லீகில் அனுபவசாலிகளுக்கு நான்கே இடம். ஒரு பருவத்துக்கு 72 ஆட்டம் என்றால் நாலாவது பருவத்தில் 260 வந்துவிடும். 25, 26 வயதிலேயே ஒருவர் அனுபவசாலிகளின் பட்டியலில் ஏறி நின்றுவிடுகிறார். அன்று முதல் இளைஞர்களோடு அவருக்குப் போட்டி இல்லை. அந்த ஐந்து இடத்துக்கோ நான்கு இடத்துக்கோ தன்னைப் போன்றவர்களோடுதான் போட்டி. இந்த விதி ஏன் வந்தது என்பது எனக்குப் புரிகிறது. இன்று என்.எச்.எல். ஆடுகிறவர்களில் ஏறக்குறைய 90 சதவீதம் பேர் ஏ.எச்.எல். வழியாக வந்தவர்கள். அங்கே பையன்களுக்கு இடம் இருந்தாக வேண்டும். ஆனாலும் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, நீ சுவரை ஒட்டி நின்றால் அவன் உன்னை நசுக்குவான், ஓரடி உள்ளே நில் என்று சொல்ல ஒருவர் இல்லாமல் இருபது வயதுப் பையன் எப்படி வளர்வான்? ஐந்தை ஆறாக்கினால் விளையாட்டுக்கு நல்லது என்பது என் கருத்து.

ஒப்பந்தங்களின் கதை தனி. ‘டூ-வே’ ஒப்பந்தத்தில் ஒரே மனிதருக்கு இரண்டு சம்பளம் எழுதியிருக்கும், மேலே ஆடினால் ஒன்று, கீழே ஆடினால் ஒன்று. 2025-26 பருவத்தில் என்.எச்.எல். குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 7,75,000 டாலர். கீழே இறங்கிய நாளிலிருந்து அதில் ஒரு பங்குதான். அனுபவசாலியைக் கீழே அனுப்புவதற்கு முன் அவர் பெயரை 24 மணி நேரம் ‘வெய்வர்ஸ்’ பட்டியலில் போட வேண்டும், அதற்குள் வேறு எந்த அணி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எடுத்தால் புது ஊர், எடுக்காவிட்டால் கீழே. இன்னும் கீழே இருப்பவருக்கு ஏ.எச்.எல். அணி 25 ஆட்டத்துக்கு மட்டும் தற்காலிக ஒப்பந்தம் போடும். இ.சி.எச்.எல். லீகில் வாரச் சம்பளம். பருவம் முடியும்வரை அணியே வீடு கொடுக்கும், மேசை நாற்காலியோடு. பை தூக்கிக்கொண்டு வந்தவர் பை தூக்கிக்கொண்டு போகலாம். வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாளில் மூன்று ஆட்டம் ஆடி, இடையில் இரவெல்லாம் பஸ்ஸில் போவதும் இங்கே வழக்கம்.

சிலர் கடல் தாண்டுகிறார்கள். ஜெர்மனி, ஆஸ்திரியா, இங்கிலாந்து, கொரியா வரை. ஐரோப்பாவின் பழைய ரிங்குகள் 30 மீட்டர் அகலம், 98 அடிக்கு மேல். இங்கே 85 அடியில் எதிரியைச் சுவரோடு ஒதுக்கக் கற்ற தடுப்பாளர் அங்கே அதே கோணத்தில் போனால் ஆள் தாண்டிப் போய்விடுவான். முப்பது வயதில் மறுபடியும் காலடியைக் கற்க வேண்டும். கற்கிறார்கள். 2018 பியோங்சாங் ஒலிம்பிக்குக்கு என்.எச்.எல். தன் ஆட்டக்காரர்களை விடவில்லை. கனடா இப்படி ஐரோப்பிய லீகுகளிலும் கீழ்ப்படிகளிலும் ஆடிக்கொண்டிருந்தவர்களைத் திரட்டி அனுப்பியது. அரையிறுதியில் ஜெர்மனியிடம் 4-3 என்று தோற்றார்கள், செக் அணியை 6-4 என்று வென்று வெண்கலம் கொண்டுவந்தார்கள். அந்த ஒலிம்பிக்கை நடத்திய தென் கொரியாவின் கோல்காப்பாளர் மாட் டால்ட்டன் ஒன்டாரியோவில் பிறந்தவர், கொரியாவின் ஆன்யாங் ஹல்லா அணிக்கு ஆடப் போய் அந்நாட்டுக் குடிமகனானவர். அந்த இரண்டு வாரம் எங்கள் அறையில் தொலைக்காட்சியை அணைக்கவே இல்லை. தெரிந்த முகங்கள் திரையில் வந்தபோது, அவர்களோடு ஒரு காலத்தில் பஸ்ஸில் போனவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

இந்த வாழ்க்கை முடிவதற்குச் சடங்கு எதுவும் கிடையாது. ஒரு கோடையில் ஃபோன் வராது, அவ்வளவுதான். பலர் வேறு வேலைக்குப் போகிறார்கள், சிலர் பயிற்சியாளர் ஆகிறார்கள். ஜாரெட் பெட்னர் என்.எச்.எல். லீகில் ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை. இ.சி.எச்.எல். லீகின் சவுத் கரோலினா அணியில் தடுப்பாளராக இருந்து இரண்டு முறை அந்த லீகின் கெல்லி கோப்பையை வென்றார். பயிற்சியாளராக அதே அணிக்கு 2009இல் கெல்லி கோப்பை, 2016இல் லேக் ஈரி அணிக்கு ஏ.எச்.எல். லீகின் கால்டர் கோப்பை, 2022இல் கொலராடோ அணிக்கு என்.எச்.எல். லீகின் ஸ்டான்லி கோப்பை. மூன்று படியிலும் தலைமைப் பயிற்சியாளராகக் கோப்பை வென்ற முதல் மனிதர் அவர்தான். எனக்கு அது ஆச்சரியமில்லை. புது ஊரில் ஒரே காலையில் முழு அணியின் ஆட்டத்தையும் படித்து, தன் இடம் எது, பக்கத்தில் நிற்பவரின் பலவீனம் எது என்று கண்டுபிடிப்பதைப் பிழைப்பாக வைத்திருந்தவர்கள் இவர்கள். அணிகள் புதுப் பயிற்சியாளரைத் தேடும்போது பெரிய பெயர்களின் பட்டியலைத்தான் முதலில் எடுக்கின்றன. என்னைக் கேட்டால், நாலைந்து ஊர்களில் ஆடிவிட்டு வந்து, சாமான் அறையில் ஸ்கேட்டின் இரண்டு ஓரமும் சமமா என்று பார்த்தவர்களின் பெயரைச் சொல்வேன். என் அறைக்கு வந்து போனவர்களில் மூன்று பேராவது அந்த வேலையை இப்போதே நன்றாகச் செய்வார்கள்.