ஆளுக்கு ஒரு பரோட்டா, நடுவுல ஒரு சுக்கா

செமஸ்டர் பரீட்சை முடிஞ்சு வீட்டுல சும்மா உட்கார்ந்திருக்கேன். ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சதை இன்னிக்கு எழுதிடறேன். எங்க அப்பாவும் அம்மாவும் சேர்ந்து உடம்பு இளைச்ச கதை இது. அதுவும் சனிக்கிழமை ராத்திரி பரோட்டாக் கடையை விடாமலே இளைச்ச கதை. "ஏழு நாளில் ஏழு கிலோ" ரகத்தை எதிர்பார்த்து வந்தவங்க மன்னிச்சுக்கங்க. எட்டு மாசத்துல அப்பா ஏழு கிலோ, அம்மா நாலு கிலோ. அவ்வளவுதான்.

எங்க ஊரு போடிநாயக்கனூர். தெரியாதவங்களுக்கு: உங்க வீட்டுப் பாயசத்துல மிதக்கிற ஏலக்காய் எங்க ஊரு வழியா வந்திருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. ஸ்பைசஸ் போர்டோட ஏலக்காய் மின்னணு ஏலம் நடக்கிற ஊர்ல எங்க ஊரு ஒண்ணு, மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டத்துல புற்றடி இன்னொண்ணு. மேற்கே பார்த்தா மலை. 17 கொண்டை ஊசி வளைவு ஏறினா போடிமெட்டு, அதைத் தாண்டினா கேரளா. 2010 கடைசியில நின்னுபோன ரயில் 2023 ஜூன் 15-ல திரும்ப வந்துச்சு. மதுரையில படிக்கிற நான் சனிக்கிழமை காலையில அந்த ரயில்லதான் வீட்டுக்கு வருவேன்.

அப்பா ஒரு ஏலக்காய் கடையில 22 வருஷமா கணக்கு எழுதறாரு. அம்மா வீட்டுல தையல் மெஷின் வச்சிருக்காங்க. ரெண்டு பேருக்கும் உட்கார்ந்த வேலை. ஆனா சாப்பிடறது அப்பத்தா காலத்துச் சாப்பாடு. அப்பத்தா வயசுல ஏலக்காட்டு வேலைக்குப் போனவங்க. விடியறதுக்கு முன்னாடி தூக்குச்சட்டியில சோத்தைக் கட்டிக்கிட்டுப் போயி, சரிவுல நாள் பூரா குனிஞ்சு காய் எடுத்துட்டு, இருட்டுனப்புறம் திரும்புவாங்க. அந்த வேலைக்கு அந்தச் சோறு பத்தாது. எங்க வீட்டுல அப்பத்தாவோட தட்டு அப்படியே அடுத்த தலைமுறைக்கு வந்துடுச்சு, சரிவு மட்டும் வரல.

இனி சனிக்கிழமை. நான் சின்னப் பையனா இருந்ததுலேர்ந்து சனிக்கிழமை ராத்திரின்னா பரோட்டாக் கடைதான். கொத்து பரோட்டா தட்டுற சத்தம் தெருமுனையிலயே கேட்கும். கேட்டதுமே எனக்குப் பசி வந்துடும். இலையில ரெண்டு பரோட்டாவைப் பிச்சுப்போட்டு, மேல சால்னாவை ஊத்தி, ஊற விட்டு... சரி, வேணாம். எழுதறப்பவே என்னமோ பண்ணுது. அப்பாவுக்கு நாலு, அம்மாவுக்கு மூணு, எனக்கு எவ்வளவுன்னு கேட்காதீங்க.

போன ஜூலை கடைசியில அப்பாவுக்குக் கால்ல ஒரு புண் ஆறாம இருந்துச்சு. ரத்தப் பரிசோதனை எடுத்தா வெறும் வயித்துல சர்க்கரை 116. மூணு மாச சராசரி காட்டுற ஹெச்பிஏ1சி 6.2. 5.7-லேர்ந்து 6.4 வரைக்கும் இருந்தா சர்க்கரை நோய்க்கு முந்தின கட்டம். வாசல்ல நிக்குது, இன்னும் உள்ள வரல. எடை 84 கிலோ. கையில ஒரு அச்சடிச்ச தாளைக் கொடுத்தனுப்பினாங்க. ஓட்ஸ், ஆலிவ் எண்ணெய், பச்சைக் காய்கறி சாலட். கடைசி வரி: வெளிச் சாப்பாடு கூடவே கூடாது.

ஆகஸ்ட் மாசம் எங்க வீடு போர்க்களம். அப்பாவுக்கு ஓட்ஸ் கஞ்சி, அப்பத்தாவுக்குக் குழைஞ்ச சோறு, வார இறுதியில எனக்குன்னு ஒரு குழம்பு. மூணு சமையல், ஒரே அம்மா. ஓட்ஸ் கஞ்சியைக் குடிச்சுட்டுப் போற அப்பா, பதினோரு மணிக்குக் கடை வாசல்ல வடை தின்பாரு. அது அம்மாவுக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியும்னு அப்பாவுக்கும் தெரியும். சனிக்கிழமை நடை அடியோட நின்னுபோச்சு. மாசக் கடைசியில எடை பார்த்தா 84-ஏ தான்.

அன்னிக்கு அப்பா, "உன் கையில ருசி போச்சு"ன்னு ஒரு வார்த்தை விட்டுட்டாரு. அம்மா மெஷினை நிறுத்தினாங்க. கத்தல. மெதுவாத்தான் சொன்னாங்க. "ஏங்க, வாரத்துல ஒரு நா அடுப்ப அணைச்சுட்டு, இன்னொருத்தர் கையால சூடா வாங்கிச் சாப்பிட்டேன். உங்களுக்குச் சர்க்கரைன்னு எனக்கு லீவு போச்சு. அது அந்தத் தாள்ல எழுதியிருக்கா?"

எனக்குச் சுருக்குன்னு குத்துச்சு. இருபது வருஷமா அதை நான் பரோட்டா நாள்னுதான் நினைச்சிருந்தேன். அம்மாவுக்கு அது லீவு நாள்.

இன்னொரு விஷயமும் அன்னிக்குத்தான் உறைச்சுச்சு. அம்மாவை யாருமே எடை போட்டுப் பார்க்கல. மறுநாள் கூட்டிட்டுப் போய்ப் பார்த்தா 71 கிலோ, உயரம் 155 சென்டிமீட்டர். கணக்குப் போட்டா உடல் நிறை குறியீட்டெண் 29.6. அப்பாவுக்கு 29.8. நம்ம ஊர் உடம்புக்கு 23-ஐத் தாண்டினாலே அதிக எடை, 25-க்கு மேல உடல் பருமன்னு இந்திய மருத்துவர்கள் 2009-லயே வரையறுத்திருக்காங்க. ரெண்டு பேரும் ஒரே படகுல இருந்திருக்காங்க. ஒருத்தருக்கு மட்டும் துடுப்பைக் கொடுத்திருக்கோம். எங்க வீடு மட்டும்னு நினைக்காதீங்க. 2019-21-ல எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி (அதுல 25-தான் எல்லைக்கோடு), தமிழ்நாட்டுப் பெண்கள்ல 40 சதவீதம் பேரும் ஆண்கள்ல 37 சதவீதம் பேரும் எடை கூடினவங்க.

ஹாஸ்டலுக்குத் திரும்பினதும் தேட ஆரம்பிச்சேன். அமெரிக்காவுல கனெக்டிகட் பல்கலைக்கழகத்துல 130 ஜோடிகளை ஆறு மாசம் கவனிச்சு 2018-ல ஒரு ஆய்வு வெளியிட்டிருக்காங்க. ஜோடியில ஒருத்தர்தான் எடை குறைக்க முயற்சி பண்ணுவாரு. மத்தவருக்கு எந்தச் சிகிச்சையும் கிடையாது. அப்படியும் சிகிச்சை இல்லாத அந்த ஆள்கள்ல கிட்டத்தட்ட மூணுல ஒருத்தருக்கு 3 சதவீதமோ அதுக்கு மேலயோ எடை இறங்கியிருக்கு. ஒரே அடுப்பு, ஒரே அலமாரி, ஒரே சாப்பாட்டு நேரம்னு இருந்தா ஒருத்தர் மாறும்போது இன்னொருத்தரும் கொஞ்சம் நகருறாங்க. அப்படின்னா ரெண்டு பேரும் தெரிஞ்சே சேர்ந்து இறங்கினா?

செப்டம்பர்ல ஒரு ஞாயித்துக்கிழமை நோட்டும் பேனாவுமா மூணு பேரும் உட்கார்ந்தோம். அப்பாதான் கணக்குப்பிள்ளையாச்சே, கணக்கு அவர் கையில.

முதல்ல டீ. கடையில ஒரு நாளைக்கு ஆறு டீ, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ஸ்பூன் சீனி. ஸ்பூனுக்கு 5 கிராம்னு வச்சா நாளைக்கு 60 கிராம், வாரத்துக்கு 420 கிராம். கலோரியில 1680. ஒரு பரோட்டா, அளவையும் எண்ணெயையும் பொறுத்து, 250-லேர்ந்து 300 கலோரின்னு வச்சுக்கலாம். சனிக்கிழமை அப்பா சாப்பிட்ட நாலு பரோட்டா அதிகபட்சம் 1200. அதாவது, எல்லாரும் திட்டின பரோட்டாவை விட, யாரும் கண்டுக்காத டீதான் பெரிய திருடன். கணக்கைப் பார்த்துட்டு அப்பா கொஞ்ச நேரம் பேசல.

அடுத்தது எண்ணெய். மாசம் நாலு லிட்டர், மூணு பேருக்கு. ஆளுக்கு ஒரு நாளைக்கு 40 கிராம் வருது. உட்கார்ந்து வேலை பார்க்கிறவங்களுக்கு 20-லேர்ந்து 30 கிராமுக்குள்ள போதும்னு ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லுது. (அப்பத்தா கஞ்சிதான் குடிக்குது. அதோட பங்கும் இவங்களுக்குத்தான் போயிருக்கு.) ரெண்டரை லிட்டருக்கு இறக்கினோம்.

மூணாவதுதான் முக்கியம். மிச்சம். எங்க வீட்டுல கடைசியாச் சாப்பிடறது அம்மா. சட்டியில ஒட்டினது, அப்பா ஒதுக்கினது, நான் பாதியில விட்டுட்டு எழுந்தது எல்லாம் வீணாப் போகக்கூடாதுன்னு ராத்திரி பத்தரை மணிக்கு அம்மா வயித்துக்குள்ள போகும். அதை யாரும் சாப்பாட்டுக் கணக்குல சேர்த்ததே இல்ல. ரெண்டு உழக்கு அரிசி ஒன்றரை உழக்கு ஆச்சு. எட்டு மணிக்கு ரெண்டு பேரும் ஒண்ணா உட்கார்ந்துதான் சாப்பிடணும். ஒரே சமையல்தான், ஓட்ஸ் கிடையாது. தட்டுல பாதி காய். அந்தக் காயை நறுக்கிறது அப்பா வேலை. முதல் வாரம் அவர் நறுக்கின பீன்ஸை விறகுன்னு நினைச்சேன்.

இப்போ சனிக்கிழமைக்கு வருவோம். அது நிக்காதுன்னு முதல் வரியா எழுதினோம். வாரத்துல 21 வேளை. அதுல ஒரு வேளை. அதுக்கு மட்டும் சில சட்டம்:

1. வண்டி வீட்டுல. கடைக்கு ஒன்றரை கிலோமீட்டர், போகவர நடை.

2. ஆளுக்கு ஒரு பரோட்டா. இன்னும் பசிச்சா இட்லி. ஒரு மட்டன் சுக்கா வாங்கி நடுவுல வச்சு ரெண்டு பேரும். முட்டை ஆளுக்கு ஒண்ணு.

3. சால்னா தனிக் கிண்ணத்துல. மேல மிதக்கிற எண்ணெயை ஒதுக்கிட்டுத் தொட்டுக்கிறது. இலையில குளம் வெட்டக்கூடாது.

4. மொத்தமா ஆர்டர் கிடையாது. சாப்பிட்டு முடிச்சப்புறம்தான் அடுத்ததைக் கேட்கணும்.

5. அன்னிக்கு மத்தியானம் பட்டினி கிடக்கக்கூடாது. கிடந்தா ராத்திரி ஒண்ணு நாலாயிடும்.

6. சாப்பிடும்போது சர்க்கரை, எடை, கலோரி பத்திப் பேசறவங்கதான் பில் கட்டணும். (இது அம்மா போட்ட சட்டம்.)

முதல் சனிக்கிழமை பெரிய சங்கடமாப் போச்சு. பல வருஷமா பரிமாறுற அண்ணன், கேட்காமலே நாலு பரோட்டாவைக் கொண்டுவந்து வச்சுட்டாரு. "ஒண்ணு போதும்ணே"ன்னு அப்பா சொன்னதும், "ஏன் சார், ருசி சரியில்லையா?"ன்னு முகம் சுண்டிப்போச்சு அவருக்கு. நம்ம ஊர்ல குறைச்சுச் சாப்பிட்டா கோபம்னு அர்த்தம், இல்லைன்னா நோய்னு அர்த்தம். அப்பா ஒரு நிமிஷம் தயங்கி, "ருசியா இருக்குறதுனாலதாண்ணே, ரொம்ப வருஷம் வந்து சாப்பிடணும்ல"ன்னாரு. அந்த அண்ணன் சிரிச்சுட்டாரு. அப்புறம் எங்க மேஜைக்குச் சால்னா தானாவே கிண்ணத்துல வர ஆரம்பிச்சிடுச்சு.

எல்லாம் நேர்கோடாப் போகல. ரெண்டாவது மாசம் அப்பாவுக்கு மூணு கிலோ இறங்குச்சு, அம்மாவுக்கு அரைக் கிலோ. அப்பா ஊரெல்லாம் பெருமை அடிச்சாரு. அம்மா எடை மிஷின் பக்கமே போகல. பொதுவா ஆம்பளைங்களுக்குத் தசை அதிகம், உடம்பும் பெருசு, அதனால ஆரம்பத்துல சீக்கிரம் இறங்கும். இதை நான் விளக்கினா, "விளக்கம் நல்லாத்தான் இருக்கு, ஜாக்கெட் அளவுதான் அப்படியே இருக்கு"ன்னாங்க. அப்புறம் அவங்களே ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. எடையை விட்டுட்டு, தையல் டேப்பால இடுப்பை அளந்து நோட்டுல எழுதறது. எடை அசையாத மாசத்துலயும் டேப் அசைஞ்சுச்சு. தீபாவளிக்கும் அதையொட்டி வந்த ரெண்டு கல்யாணத்துக்கும் ரெண்டு பேருக்கும் ரெண்டு கிலோ திரும்ப ஏறுச்சு. அன்னிக்குச் சண்டை வரல. ஒருத்தர் மட்டும் தோத்திருந்தா வந்திருக்கும்.

ஏப்ரல் கணக்கு: அப்பா 77, அம்மா 67. இடுப்பு அப்பாவுக்கு 102 சென்டிமீட்டர்லேர்ந்து 95, அம்மாவுக்கு 94-லேர்ந்து 88. இந்திய உடம்புக்குச் சொல்ற எல்லை ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80. ரெண்டு பேரும் இன்னும் வெளியிலதான் நிக்கிறாங்க. அப்பாவோட ஹெச்பிஏ1சி 5.8. வாசல்ல நின்னது ரெண்டு படி இறங்கியிருக்கு, தெருவை விட்டுப் போகல.

இதுல எனக்குத் தைரியம் கொடுத்தது நம்ம சென்னையில நடந்த ஆய்வுதான். டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு, அப்பாவை மாதிரி எல்லையில இருந்த 531 பேரை மூணு வருஷம் கவனிச்சு 2006-ல முடிவை வெளியிட்டாங்க. சும்மா விட்டவங்கள்ல 100-க்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்துடுச்சு. நடையும் சாப்பாட்டு மாற்றமும் கடைப்பிடிச்சவங்கள்ல 39 பேருக்கு. அதுவும் பெரிய எடைக் குறைவு இல்லாமலே. 39-ம் சின்ன எண் இல்லதான். ஆனா நடுவுல இருக்கிற அந்த 16 பேர்ல எங்க அப்பாவும் ஒருத்தரா இருக்கலாமேன்னு ஒரு ஆசை.

போன வருஷம் சித்திரைத் திருவிழாவுக்குப் பரமசிவன் மலைக்கோயிலுக்குப் போனப்போ, அம்மா பாதிப் படியில உட்கார்ந்துட்டாங்க. "நீங்க போய்ச் சாமி கும்பிட்டு வாங்க, நான் இங்கனயே கும்பிட்டுக்கிறேன்"னாங்க. இந்த வருஷம் உட்காரல. மூச்சு வாங்குச்சு, மெதுவாத்தான் ஏறினாங்க, ஆனா ஏறிட்டாங்க. மேல நின்னு ஊரைப் பார்த்தப்போ அப்பா ஒண்ணும் சொல்லாம தண்ணி பாட்டிலைத் திறந்து கொடுத்தாரு. இறங்கி வர்ற வழியில ஒரு தட்டு மிளகாய் பஜ்ஜி வாங்கி மூணு பேரும் பிச்சுச் சாப்பிட்டோம். ஆளுக்கு ஒண்ணரை. அப்பா அதையும் கணக்கு எழுத நோட்டைத் தேடினாரு. அம்மா முறைச்சாங்க. ஆறாவது சட்டப்படி பில் அவர்தான் கட்டினாரு.

இன்னிக்குச் சனிக்கிழமை. அடுப்பு அணைஞ்சாச்சு. "ஏண்டா, எவ்வளவு நேரமா டொக்கு டொக்குன்னு தட்டிட்டே இருப்ப? செருப்பைப் போடு, நடக்கணும்ல"ன்னு அம்மா வாசல்ல நிக்கிறாங்க. வரேங்க. :)