எங்கள் விலாசம் காலடிப்பேட்டை

"காலடிப்பேட்டை" என்று ஊர்ப் பேரைச் சொன்னால் கேட்பவர்கள் இரண்டு விதமாகத்தான் கேட்பார்கள். "யாருடைய காலடிங்க?" என்பது ஒன்று. "அம்மாடி, அவ்வளவு தூரமா?" என்பது இன்னொன்று. காஞ்சிபுரத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு இந்த ஊருக்கு வந்து எனக்கு முப்பத்திரண்டு வருஷமாகிறது. இரண்டுக்கும் பதில் சொல்லிச் சொல்லியே வாய் பழகிவிட்டது. சகோதரிகளே, போன வருஷம் மூன்றாவதாக ஒரு கேள்வி எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

பெரியவளுக்கு வரன் பார்க்க ஆரம்பித்திருந்தோம். விளம்பரத்துக்கு விவரமெல்லாம் எழுதி அவளிடமே காட்டினேன். படித்தவள் பேனாவை எடுத்து ஒரு வார்த்தையை அடித்தாள்.

"அம்மா, சென்னைன்னு மட்டும் போடு. காலடிப்பேட்டைன்னு போடாதே."

"ஏண்டி, பொறந்து வளர்ந்த ஊராச்சே?"

"ஊர் பேரைக் கேட்டதும் போனை வெச்சுடறாங்கம்மா."

அவள் சொன்னது பொய்யில்லை. அதற்கு முன் பேசிய ஒரு மாப்பிள்ளையின் அம்மா, "அந்தப் பக்கம் காத்து, தண்ணியெல்லாம் எப்படிங்க?" என்று கேட்டவர்தான், அப்புறம் பேசவே இல்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மறைத்துச் சொல்லும்படி இந்த ஊர் என்ன பாவம் செய்தது என்று யோசித்துக்கொண்டே கிடந்தேன்.

முதலில் பேரைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் காலடி யாருடைய காலடியும் இல்லை. 1717 முதல் 1720 வரை சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் என்ற வெள்ளைக்காரரின் பேர் அது. 'காலெட் பேட்டை' நம்மவர்கள் வாயில் புழங்கிப் புழங்கிக் காலடிப்பேட்டை ஆகிவிட்டது.

அந்தக் காலத்தில் சென்னை என்பது கோட்டையும் அதை ஒட்டிய கறுப்பர் பட்டணமும்தான். திருவொற்றியூர் வெளியூர், நவாபின் சீமை. 1708-ல் நவாப் தாவூத் கான் திருவொற்றியூர், சாத்தங்காடு, கத்திவாக்கம், வியாசர்பாடி, நுங்கம்பாக்கம் என்று ஐந்து கிராமங்களைக் கம்பெனிக்குக் கொடுத்தார். கொடுத்தது நிலைக்கவில்லை. 1717-ல் டில்லி பாதுஷா பரூக்சியரின் உத்தரவைக் காட்டிக் கம்பெனியார் மறுபடி கேட்டபோது நவாபின் ஆட்கள் விட்டுக்கொடுக்கவில்லை. திருவொற்றியூரில் சண்டையே நடந்தது. ஆக, இன்று லாரியும் பஸ்ஸும் முட்டி மோதுகிற நம் திருவொற்றியூர் நெடுஞ்சாலை, முந்நூறு வருஷத்துக்கு முன் இரண்டு ராஜ்யத்துக்கு நடுவிலே கிடந்த எல்லைப்புற வழி!

அந்த வழியோரத்தில்தான் காலெட் நெசவாளர்களையும், துணியில் சாயம் எழுதுகிறவர்களையும் கூட்டி வந்து குடியேற்றினார். கம்பெனிக்கு வியாபாரமே துணிதான். கொஞ்சம் தெற்கே துணி வெளுப்பவர்கள் இருந்த இடம் வண்ணாரப்பேட்டை. இங்கே நெய்பவர்கள் பேட்டை. கோட்டை கட்டி மட்டுமா எல்லையைக் காப்பாற்றுவார்கள்? குடித்தனம் வைத்தும் காப்பாற்றலாம். அடுப்புப் புகைகிற இடம் சீக்கிரத்தில் ஊராகிவிடும் அல்லவா?

எங்கள் கல்யாண வரதராஜப் பெருமாள் கோயிலுக்கும் ஒரு கதை சொல்வார்கள். கவர்னரிடம் வேலை பார்த்த வீரராகவர் என்பவர் தினமும் காஞ்சிபுரம் போய் வரதராஜரைச் சேவித்துவிட்டுத்தான் வேலைக்கு வருவாராம். அவருடைய பக்தியைச் சோதித்துப் பார்த்துப் பிரமித்துப் போன காலெட், "இனி நீ அலைய வேண்டாம்" என்று இங்கேயே கோயில் எழும்பச் செய்தாராம். ஒரே நாளில் காஞ்சிக்குப் போய்வர முடியுமா என்று கணக்குப் பார்க்கக் கூடாது. பிறந்த வீட்டில் நானும் பாவடியில் ஓடி விளையாடி, அம்மாவுக்குத் தார் சுற்றிக் கொடுத்து வளர்ந்தவள். அந்தக் காஞ்சிபுரத்து வரதர் எனக்கு முன்னாலேயே இங்கே வந்து குடியேறிவிட்டார் என்பதில், புதுப்பெண்ணாய் வந்த நாளில் எனக்கு எவ்வளவு ஆறுதல் தெரியுமா!

காலெட்டுக்கு எத்தனையோ நூற்றாண்டு முந்தியது திருவொற்றியூர். தியாகராஜர் கோயிலில் சோழர் கல்வெட்டுக்கள் இருக்கின்றன. அங்கே மாலை தொடுத்துக் கைங்கரியம் செய்த சங்கிலி நாச்சியாரைத்தான் சுந்தரர் மகிழ மரத்தடியில், "உன்னைப் பிரியேன்" என்று சத்தியம் செய்து மணந்தார். பிறகு திருவாரூர் ஞாபகம் வந்து ஊரெல்லையைத் தாண்டினார். தாண்டியதும் இரண்டு கண்ணும் பார்வை போயிற்று என்கிறது பெரியபுராணம். மாசி உற்சவத்தில் மகிழடி சேவையைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் அத்தை சொல்வார்: "இந்த ஊர் எல்லையிலே நின்னு ஒரு பொண்ணுக்குச் சொன்ன சொல்லை மீறினா சாமியே கேட்கும்டி."

அத்தைக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. அவருடைய சின்ன வயசில் பக்கிங்காம் கால்வாயில் படகு போகுமாம். 1806-ல் காக்ரேன் என்பவர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டிய கால்வாய் அது. வடக்கே ஆந்திரா வரை நீண்ட பிறகு, 1877-78 தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்கு ஆள் வைத்து மேலும் வெட்டியபோது, கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பேர் வந்தது. சவுக்கு விறகும் உப்பும் அதில்தான் வரும். "தண்ணி தெளிவா இருக்கும்டி, கால் நனைச்சுக்கிட்டே பேரம் பேசுவோம்" என்பார். இன்று அதன் ஓரமாகப் போனால் மூக்கைப் பொத்திக்கொள்கிறோம்.

இங்கேதான், சகோதரிகளே, நான் யோசித்துப் பிடித்த விஷயம் இருக்கிறது. ஊருக்கு எல்லையாக இருந்துவிட்டால், ஊர் தன் பக்கத்தில் வைத்துக்கொள்ள விரும்பாததையெல்லாம் அங்கே கொண்டுபோய் வைக்கிறது.

துறைமுகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1875-க்குப் பிறகு கடலுக்குள் கற்சுவர் எழுப்பினார்கள். நம் கரையில் வருஷத்தில் பெரும்பகுதி கடல் நீரோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். சுவர் குறுக்கே வந்ததும் மணல் தெற்கே தங்கிவிட்டது. நாம் சுண்டல் வாங்கித் தின்கிற மெரினா அப்படி அகன்றது. வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் மணல் வரத்து நின்று, கடல் கரையைத் தின்ன ஆரம்பித்தது. குப்பங்களில் எத்தனையோ வீடுகள் போய்விட்டன. இப்போது கருங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்குக் கால் வைத்து விளையாட மணல் இல்லை. ஒரே கடல், ஒரே பட்டணம். ஒரு பக்கத்துக்குக் கிடைத்த மணல் இன்னொரு பக்கம் இழந்தது!

பின்னாலேயே தொழிற்சாலைகள். எண்ணூரில் 1948-ல் லாரிக் கம்பெனி, திருவொற்றியூரில் 1955-ல் மோட்டார் சைக்கிள், மணலியில் 1969-ல் எண்ணெய் சுத்திகரிப்பு, 1970-ல் எண்ணூர் அனல் மின் நிலையம். இவற்றால் எங்களுக்குச் சோறு கிடைத்தது என்பதை நான் மறக்கவில்லை. எங்கள் வீட்டுக்காரர் முப்பது வருஷம் ஷிப்டு பார்த்த சம்பளத்தில்தான் இரண்டு பெண்களும் படித்தார்கள். அனல் மின் நிலையம் 2017-ல் மூடியாயிற்று; ஆனால் கொடியில் காயும் வெள்ளைத் துணியில் கரி படிவது நிற்கவில்லை.

2023 டிசம்பர் 26 ராத்திரியை நினைத்தால் இன்னும் உடம்பு பதறுகிறது. எண்ணூர் பெரியகுப்பத்தில் ஒரு தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. எங்கள் உறவுப் பெண் ஒருத்தி, கைக்குழந்தையை முந்தானைக்குள் மூடிக்கொண்டு நடுராத்திரிக்கு மேல் எங்கள் வாசலில் வந்து நின்றாள். குழந்தைக்குக் கண்ணெல்லாம் சிவந்து இருமல். ஈரத்துணியை வாயும் மூக்கும் மறைய வைத்துக்கொண்டே ஓடி வந்திருக்கிறாள். சமயோசிதமான காரியம், அமோனியா தண்ணீரில் கரையக்கூடியது. இப்படி ஏதாவது நேர்ந்தால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, அதற்குக் குறுக்காக விலகிப் போக வேண்டும். கண் எரிந்தால் நிறையத் தண்ணீர் விட்டு அலம்ப வேண்டும். குழந்தைகளை ஆஸ்பத்திரிக்குக் காட்டிவிட வேண்டும். இதை எங்கள் தெருப் பெண்கள் எல்லாருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.

இந்தச் சரித்திரத்தையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரியவளை உட்கார வைத்துச் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டாள். கேட்டுவிட்டு, "எல்லாம் சரிம்மா. சரித்திரத்தை வெச்சு மூச்சு விட முடியுமா?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் நியாயமான கேள்வி. அத்தைதான் தாழ்வாரத்திலிருந்து குரல் கொடுத்தார்: "முடியாதுடி கண்ணு. ஆனா பேரே இல்லாத ஊருன்னா, அங்கே யாரும் மூச்சு விடறாங்களான்னே எவனும் கேட்க மாட்டான்."

அந்த வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. விலாசத்தை மறைப்பது எங்களுக்கு ஒரு சௌகரியம். எங்கள் ஊரை மறந்துவிட நினைப்பவர்களுக்கு அதைவிடப் பெரிய சௌகரியம். படித்த பிள்ளைகள் ஒவ்வொருவராக 'சென்னை' என்று மட்டும் எழுதிக்கொண்டு நகர்ந்துவிட்டால், கால்வாய்த் தண்ணீர் ஏன் இப்படி ஆயிற்று, ராத்திரியில் என்ன நாற்றம் என்று இங்கே நின்று கேட்க யார் மிஞ்சுவார்கள்? குப்பத்துப் பெண்கள் அந்த டிசம்பருக்குப் பின் ரோட்டோரம் நாள்கணக்கில் உட்கார்ந்து கேட்டார்கள். அவர்கள் தங்கள் ஊர்ப் பேரை மறைக்கவில்லையே!

இவளை இங்கேயே இருந்துவிடு என்று நான் கட்டாயப்படுத்தவில்லை. கல்யாணமாகி எங்கே போனாலும் நல்ல காற்றும் நல்ல தண்ணீரும் கிடைக்கட்டும் என்றுதான் தாய் மனசு வேண்டுகிறது. ஆனால் போகிற பெண் இந்த ஊரைப் பார்த்து வெட்கப்பட்டுக்கொண்டு போகக் கூடாது. நூல் நூற்றுக் கொடுத்தும், விறகுப் படகில் பேரம் பேசியும், ஷிப்டு முடிந்து வருகிறவருக்கு ராத்திரி ஒரு மணிக்கு ரசம் சூடு பண்ணியும், இந்த எல்லையில் தலைமுறை தலைமுறையாய்க் குடித்தனம் நடத்திய பெண்கள் எத்தனை பேர்! அவர்கள் பேர் எந்தப் பேட்டைக்கும் வைக்கப்படவில்லை. 2021-லிருந்து மெட்ரோ ரயில் எங்கள் ஊரில் நிற்கிறது. ரயிலில் காலெட்டின் பேரைத்தான் தினமும் அறிவிக்கிறார்கள். இருக்கட்டும். அந்தப் பெண்களின் விலாசமாவது எங்கள் வாயால் அழிய வேண்டாம்.

பெரியவள் இரண்டு நாள் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள் வேலைக்குக் கிளம்பும்போது விளம்பரக் காகிதத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். அடித்த இடத்துக்கு மேலே, அவள் கையெழுத்தில், 'காலடிப்பேட்டை, திருவொற்றியூர், சென்னை-19' என்று முழுசாக எழுதியிருந்தது. போன் முன்னைவிடக் குறைவாகத்தான் வருகிறது. வருகிறவர்கள் ஊர் தெரிந்தே வருகிறார்கள். ஒரு வரன் தகைகிறாப்போல் இருக்கிறது. பெரியவர்கள் இன்னும் பேசி முடிக்கவில்லை.

சகோதரிகளே, உங்கள் தெருவுக்கு ஏன் அந்தப் பேர் வந்தது என்று வீட்டில் இருக்கும் பாட்டியிடம் இன்றைக்கே கேட்டுப் பாருங்கள். அடுப்பில் குழம்பு கொதிக்கிற நேரம் போதும். கேட்டதைக் குழந்தைகளுக்கும் சொல்லி வையுங்கள். நாளைக்கு யாராவது, "எந்த ஊர்?" என்று கேட்டால் அவர்கள் முழு விலாசத்தையும் தலை நிமிர்ந்து சொல்லட்டும்.