மாசியில் பிறக்கும் பிள்ளைக்குக் கம்பளி எதற்கு?

ஹெர்னிங், டென்மார்க்



என் தங்கை மகளுக்கு மாசியில் பேறுகாலம். பிரசவத்துக்குத் திருவண்ணாமலைக்கு, தாய்வீட்டுக்கு வந்துவிட்டாள். தாய்மாமனான நான் வளைகாப்புக்குப் போகாத குறையை வீட்டில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அது கடையில் எதையாவது வாங்கி அனுப்பித் தீர்க்கிற குறை அல்ல. கையால் ஏதாவது செய்து கொடுக்கலாம் என்று, ஐம்பதைத் தாண்டிய வயதில் பின்னல் ஊசியைப் பிடித்திருக்கிறேன்.

நம் ஊரில் ஓர் ஆண்பிள்ளை திண்ணையில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னினால் தெரு முழுக்கப் பேச்சாகிவிடும். ஹெர்னிங்கில் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இந்தப் பக்கத்து ஆண்கள் பின்னிப் பிழைத்தவர்கள். மத்திய யூட்லாந்து ஒரு காலத்தில் புதர் மண்டிய மணல்வெளி. பயிர் சரியாக விளையாது, செம்மறி ஆடு மட்டும் வளரும். வீட்டில் கம்பளி இருக்கிறது, பனிக்காலத்து இரவோ விடியவே விடியாது. ஆகவே 17-ஆம் நூற்றாண்டிலிருந்து 19 வரை இந்தக் குடியானவர்கள் ஆண், பெண், குழந்தை என்று பாராமல் காலுறை பின்னினார்கள். ஆடு மேய்க்கும்போதும் கையில் ஊசி. இரவில் விளக்கும் விறகும் மிச்சமாகட்டும் என்று ஒரே வீட்டில் கூடி, கதை சொல்லிக்கொண்டே பின்னினார்கள். ஸ்டீன் ஸ்டீன்சன் பிளிக்கர் என்ற பாதிரியார் 1842-இல் அப்படி ஓர் இரவுக் கூட்டத்தை வைத்து, இந்த வட்டாரப் பேச்சிலேயே ஒரு புத்தகம் எழுதினார். கி. ராஜநாராயணன் கரிசல் பேச்சை எழுத்தில் ஏற்றுவதற்கு நூறு வருஷம் முந்திய காரியம் அது.

பின்னிய காலுறையை மூட்டை கட்டி நாடெங்கும் விற்கப் போனார்கள். அந்த வியாபாரம் வளர்ந்து வளர்ந்து, இருபதாம் நூற்றாண்டில் ஹெர்னிங்கும் பக்கத்து இகாஸ்ட்டும் டென்மார்க்கின் திருப்பூராக ஆயின. பிறகு கூலி குறைந்த நாடுகளைத் தேடித் தொழில் போய்விட்டது. இன்று இங்கே குழந்தை பனியன் வாங்கிக் கழுத்துப் பட்டியைத் திருப்பிப் பார்த்தால் பல சமயம் 'மேட் இன் இந்தியா'. நம் மனிதர்களும் இங்கே உண்டு: 1983-க்குப் பிறகு வந்த ஈழத் தமிழர்கள் இந்தப் பகுதியில்தான் நிறையக் குடியேறினார்கள். ஹெர்னிங்கில் பிள்ளையார் கோயில் இருக்கிறது. பக்கத்தில் பிராண்டெ என்ற சிற்றூரில் அபிராமி அம்மன் இருக்கிறாள்.

நூலகத்தில் வாரத்தில் ஒரு மாலை பின்னுகிறவர்கள் கூடுவார்கள். காப்பி உண்டு, கேக் உண்டு, கட்டணம் கிடையாது. புதிதாக வருகிறவர் கையில் முதலில் குழந்தைச் சட்டையைக் கொடுப்பதில்லை. பாத்திரம் துடைக்கும் துணி பின்னச் சொல்கிறார்கள். பருத்தி நூலில் ஒரு சாண் சதுரம். டேனிஷ் வீடுகளில் கையால் பின்னிய துடைதுணி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. கோணலாக வந்தாலும் அது தட்டைத் துடைத்துவிடும் என்பதால் பழகுகிறவருக்கு மனசு விட்டுப்போவதில்லை. நல்ல பாடத்திட்டம் என்பேன்.

வேலை என்னவோ ஒன்றே ஒன்றுதான். இடக்கை ஊசியில் கண்ணிகள் வரிசையாக ஏறியிருக்கும். வலக்கை ஊசியை முதல் கண்ணிக்குள் முன்னிருந்து பின்னாக நுழைக்க வேண்டும். நூலை ஊசி முனையில் ஒரு சுற்றுச் சுற்றி, அந்தச் சுற்றைக் கண்ணி வழியே முன்னால் இழுத்து, பழைய கண்ணியை இடது ஊசியிலிருந்து நழுவ விட வேண்டும். புதுக் கண்ணி பழையதைப் பிடித்துக்கொள்ளும். வரிசை முடிந்ததும் ஊசிகளைக் கை மாற்றி மறுபடியும் அதே வேலை. எல்லா வரிசையும் இப்படியே பின்னினால் இரண்டு பக்கமும் உழுத கொல்லை மாதிரி வரப்பு வரப்பாக ஒரு துணி இறங்கும். ஓரம் சுருளாது, இழுத்தால் கொடுக்கும், விட்டால் கூடும். இந்த ஒரு பின்னலை மட்டும் வைத்துக்கொண்டே குழந்தைக்கு வேண்டிய அத்தனையும் பின்னிவிடலாம். எலிசபெத் சிம்மர்மன் என்ற அம்மையார் 1968-இல் இதே பின்னலில் ஒரு குழந்தை மேல்சட்டை அமைத்தார். பின்னி முடித்ததும் உருவமில்லாத ஒரு துண்டு கையில் கிடக்கும். அதைச் சரியான இடங்களில் மடித்தால் சட்டையாகும், தோளில் மட்டும் தையல். உலகம் முழுக்க இன்னும் அதைப் பின்னிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு வரிசை நேராகவும் அடுத்த வரிசை புறமாகவும் பின்னினால் கிடைப்பது பனியன் துணி. போட்டிருக்கும் பனியனையே கண்ணுக்கு அருகில் பிடித்துப் பாருங்கள்: வெளிப்பக்கம் குட்டிக் குட்டி 'வி', உட்பக்கம் அலை. திருப்பூர் எந்திரம் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊசிகளை வட்டமாக வைத்துச் செய்வதும் இந்தக் கண்ணி வேலையைத்தான்.

நூலகக் கூட்டத்துக்கு யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் வருவார். என் தங்கை மகளுக்குக் குழந்தை பிறக்கப் போகிறது என்று கேள்விப்பட்ட ஒரு டேனிஷ் பாட்டி, அருமையான மெரினோ கம்பளி நூல் ஒரு உருண்டையை என் கையில் வைத்தார். அக்கா அதைப் பார்த்தார்.

"தம்பி, பிள்ளை பிறக்கிறது எங்கை?"

சொன்னேன்.

"அங்கை வெயில் எல்லோ? உது என்னத்துக்கு?"

இதற்கு மேல் அவர் பேசவில்லை. பேசவும் தேவையில்லை. இந்த நாட்டில் பச்சைக் குழந்தையைப் பகலில் வீட்டுக்கு வெளியே, தள்ளுவண்டியில்தான் தூங்க வைக்கிறார்கள். பனிக்காலத்திலும் அப்படியே. காற்றோட்டத்தில் நன்றாகத் தூங்கும் என்பது அவர்கள் கணக்கு. மேலோடு ஒட்டி ஒரு கம்பளி உடை, அதன் மேல் இன்னொன்று, தலையில் குல்லா, வண்டிக்குள் மெத்தைப் போர்வை. இந்தத் தேசத்தில் கம்பளி, பிள்ளையைக் காக்கிற சாமான். திருவண்ணாமலையில் மாசியில் பிறக்கும் பிள்ளைக்கு அடுத்து வருவது பங்குனி, சித்திரை, வைகாசி. மே மாதம் வெயில் 40 டிகிரியைத் தொடும். மலை வேறு பகலெல்லாம் காய்ந்து இரவில் சூட்டைக் கக்கும். அந்த மெரினோவைப் போட்டால் பிள்ளைக்கு வேர்க்குரு வந்ததுதான் மிச்சம்.

தங்கையோ வேறு தடை வைத்திருக்கிறாள். போனில் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டாள்: "ண்ணா, பொறக்கறதுக்கு முன்னாடி சட்டை கிட்டை எதுவும் பண்ணி வெக்காத. மொதல்ல பழைய வேட்டிதான். அப்பா வேட்டியத் தொவைச்சி எடுத்து வெச்சிருக்கேன்."

இங்கே கர்ப்பம் உறுதியான வாரமே நூல் வாங்குகிறார்கள். ஒன்பது மாதமும் பின்னலுக்கு என்று ஒதுக்கியது போல இருக்கும். நம் வீடுகளில் பிள்ளை கைக்கு வரும்வரை தொட்டில்கூட இறக்குவதில்லை. குழந்தைச் சாவு மலிந்திருந்த காலத்தில் தாய்மாரின் மனசு கண்டுபிடித்த காப்பு அது என்று நினைக்கிறேன். ஆனால் பழைய வேட்டி விஷயத்தில் நம்பிக்கையைத் தாண்டி ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. நூறு தரம் துவைத்த துணியில் கஞ்சியும் இல்லை, சாயமும் இல்லை. காற்றுப் போகும், ஈரத்தை உறிஞ்சும், கிழித்துப் போட்டால் செலவும் இல்லை. புதுத் துணியை ஒருமுறை துவைத்துவிட்டுக் குழந்தைக்குப் போடுங்கள் என்றுதான் இந்த ஊர் மருத்துவத் தாதிமாரும் சொல்கிறார்கள்.

துணி ஊரைப் பார்த்துத்தான் அமைய வேண்டும் என்பது அரசாங்கங்களுக்கும் தெரியும். பின்லாந்தில் 1938 முதல் பிள்ளை பெறும் தாய்க்கு ஒரு பெட்டி கொடுக்கிறார்கள். முதலில் ஏழைகளுக்கு மட்டும், 1949-இலிருந்து எல்லாருக்கும். அதற்குள் பனிக்கால உடையும் குல்லாவும் இருக்கும். தமிழ்நாட்டில் 2015-இல் அரசு மருத்துவமனைகளில் கொடுக்கத் தொடங்கிய குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்தில் 16 பொருட்கள். துண்டு, குழந்தைச் சட்டை, சிறு மெத்தை, கொசுவலை, தாய்க்குச் சுண்டி லேகியம். பின்லாந்துக்காரருக்குச் சுண்டி லேகியம் விளங்காது, நமக்குப் பனி உடை விளங்காது.

அப்படியானால் நான் எதைத்தான் பின்னுவது? வழி காட்டியது கரும்புத் தொட்டில்.

திருவண்ணாமலைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பிள்ளை வரம் கேட்டுப் பெற்றவர்கள் தீபத் திருவிழாவின்போது கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, அதில் புடவையைத் தொட்டிலாகத் தொங்கவிட்டு, பிள்ளையைக் கிடத்தி, புருஷனும் பெண்சாதியும் ஆளுக்கொரு முனையைத் தோளில் தாங்கி மாட வீதி சுற்றுவார்கள். தேரோட்டத்தன்று இந்தத் தொட்டில்களை நிறையப் பார்க்கலாம். பிள்ளை விஷயத்தில் அண்ணாமலையார் தனிப் பாத்தியதை உள்ளவர். திருவண்ணாமலையிலிருந்து ஆண்ட ஹொய்சள மன்னன் மூன்றாம் வல்லாளனுக்குப் பிள்ளை இல்லாமல் போக, சுவாமியே பிள்ளையாக வந்தார் என்பது கதை. இன்றும் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி, கௌதம நதிக் கரையில் வல்லாள மகாராஜாவுக்கு மகன் முறையில் திதி கொடுக்கிறார். தெய்வமே மனிதனுக்குத் திதி கொடுக்கும் ஊர் அது!

தங்கை மகளும் வேண்டிக்கொண்டவள்தான். அடுத்த கார்த்திகையில் பிள்ளைக்கு ஒன்பது மாதம் ஆகியிருக்கும். தொட்டில் சுற்றும் விடியலில் தூறல் இருக்கும், மலைக்காற்று இருக்கும். நம் கணக்குக்கு அது குளிர். அன்றைக்குப் போட ஒரு கையில்லாத சட்டை, பருத்தி நூலில். அதையும் பிறந்த சேதி வந்த பிறகுதான் ஊசியில் ஏற்றப் போகிறேன். அதுவரை பாத்திரத் துணி. தங்கை வாயை அடைத்தாயிற்று.

கணக்கு இப்படி வருகிறது. ஒன்பது மாதக் குழந்தையின் மார்புச் சுற்றளவு சுமார் 44 செ.மீ. தாராளம் சேர்த்து 50. முன்பக்கம் 25, பின்பக்கம் 25. 4 மில்லிமீட்டர் ஊசியில், நடுத்தரப் பருமன் நூலில் 10 செ.மீ.க்கு 22 கண்ணி விழுகிறது என்றால் ஒரு பக்கத்துக்கு 55 கண்ணி. நம் ஊர்க் கடையில் இந்த ஊசியை 8-ஆம் நம்பர் என்று கேட்க வேண்டும். நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். கண்ணி எத்தனை விழுகிறது என்பது அவரவர் கை இறுக்கத்தைப் பொறுத்தது. அதனால் ஒரு சதுரம் பின்னி, துவைத்து, காய்ந்த பிறகு ஸ்கேல் வைத்து எண்ணுங்கள். பருத்தி, துவைத்தால் அளவு மாறும்.

28 செ.மீ. உயரத்தில் இரண்டு செவ்வகங்கள். பக்கவாட்டில் கைக்கு 11 செ.மீ. விட்டுத் தைக்க வேண்டும். தோளைத் தைக்கக் கூடாது, இரண்டு தோளிலும் பொத்தான். ஏனென்றால் பிறந்த குழந்தைக்கு மார்பைவிடத் தலை பெரிது. ஒரு வயதை நெருங்கும்போதுதான் இரண்டும் சமமாகும். தலைவழி இழுத்து மாட்டும் சட்டையில் கழுத்துச் சிக்கி, பிள்ளை அலறுவதன் காரணம் இதுதான். தலைவழி இழுக்காமல் திறந்து போடும் நம் ஜப்லாவைக் கண்டுபிடித்த பாட்டிக்கு இது யாரும் சொல்லித் தெரிந்ததல்ல. ஐரோப்பிய அளவுப் பட்டியலை அப்படியே நம்பவும் வேண்டாம். இங்கே பிறக்கும் பிள்ளை சராசரி மூன்றரைக் கிலோ, நம் பிள்ளைகள் மூன்றுக்குச் சற்றுக் குறைவு. ஒன்பது மாதத்துக்கு என்று இவர்கள் சொல்லும் அளவு நம் பிள்ளைக்குச் சற்றுப் பெரிதாக இருக்கலாம்.

நூல் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. நம் கடைகளில் உல்லன் நூல் என்று கொடுப்பது பெரும்பாலும் அக்ரிலிக். மலிவு, வண்ணம் பளிச்சென்று இருக்கும். ஆனால் வேர்வையை வாங்காது, நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டும். வாசலெல்லாம் அகல் எரியும் ஊரில் தவழும் பிள்ளைக்கு அது ஆகாது. பருத்தியும் தீப்பிடிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். ஓட்டை ஓட்டையான பூப்பின்னல் பார்க்க அழகு, பிள்ளையின் விரல் அதில் மாட்டும். கையுறைக்குள் தொங்கும் பிசிறு நூல் விரலைச் சுற்றி இறுக்கிவிடும். கழுத்தில் நாடா கூடவே கூடாது. பொத்தானைத் தைத்ததும் பலம் கொண்ட மட்டும் இழுத்துப் பாருங்கள். வீட்டுக்குள் தூங்கும்போது குல்லாவைக் கழற்றிவிடுங்கள். பிள்ளைக்குச் சூடா குளிரா என்று கை கால் தொட்டுப் பார்த்தால் தெரியாது, பிடரியில் கை வைத்தால் தெரியும்.

டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடையில் கம்பளிக் குட்டிச் சட்டையைப் பார்த்ததும் கை நீளும், தெரியும். வாங்குவதற்கு முன் பிள்ளை எந்த மாதம் பிறந்தது, தலை எத்தனை செ.மீ. என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா, ஊட்டியிலோ கொடைக்கானலிலோ சொந்தம் இருந்தால் அங்கே கொடுத்துவிடுங்கள். மற்ற வீடுகளுக்குப் பருத்தி எடுத்துப் போங்கள்.