யார் பேசுகிறார்?

தென்காசி வட்டார இளைஞர்கள் தாம் எழுதிய சிறுகதைகளை அவ்வப்போது நம்மிடம் காட்டிக் கருத்துக் கேட்பதுண்டு. கற்பனைக்குக் குறைவில்லை. ஆயினும் உரையாடல் வரும் இடங்களில் நம் கண் தடுமாறுகிறது.

அந்தோணி நான் வருவேன் என்றான். இவ்வாக்கியத்தில் வரப்போகிறவர் யார்? அந்தோணியா, கதை சொல்பவரா? தமிழில் இரு பொருளுக்கும் இடமுண்டு. அந்தோணி, "நான் வருவேன்" என்றான் என எழுதினால் ஐயம் அகன்றுவிடும்.

நம் முன்னோர் ஓலையில் மேற்கோள்குறி இன்றியே எழுதினர். 'என்று', 'என' என்னும் சொற்களே பேச்சை உணர்த்தின. அச்சுக்கலை பரவிய பின்னரே நிறுத்தக்குறிகள் உரைநடையில் வேரூன்றின. 19-ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் அதற்குப் பெரிதும் துணைநின்றார். 'என்று' என்பது பேச்சின் முடிவைக் காட்டும், தொடக்கத்தைக் காட்டாது. அக்குறையை மேற்கோள்குறி நிறைக்கிறது.

நெறிகள் எளியவை. பேச்சை இரட்டை மேற்கோளுக்குள் இடுக; அதனுள் பிறர் பேச்சு வந்தால் ஒற்றை மேற்கோள் போதும். "ஏலே, அருவியில தண்ணி விழுதா?" என்று கேட்டார் பெரியவர். இங்கே வினா பெரியவருடையது. எனவே வினாக்குறி மேற்கோளுக்குள் நிற்கிறது. 'என்றார்' வருமுன் முற்றுப்புள்ளி வேண்டா. வாக்கியம் இன்னும் முடியவில்லை. பேசுபவர் மாறினால் பத்தியும் மாறட்டும். குறிக்கு வெளியே செந்தமிழும் உள்ளே நெல்லைத் தமிழும் சண்டையின்றி வாழலாம்.

குற்றாலத்தில் வாழ்ந்து 1954-இல் மறைந்த ரசிகமணி டி.கே.சி., கவிதையை வாய்விட்டுப் படித்து அதன் உணர்வைக் கேட்போருக்குக் காட்டியவர். அத்தகைய குரல் அருகில் இல்லாத வாசகருக்குத் தாளிலுள்ள குறிகளே குரலாகின்றன.

குருமடத்தில் மறைநூல் பயின்றோர் இதன் கனத்தை அறிவர். யோவான் நற்செய்தி 3-ஆம் அதிகாரத்தில் இயேசு நிக்கதேமுடன் உரையாடுகிறார். பழைய கிரேக்கப் படிகளில் மேற்கோள்குறி இல்லை. ஆகவே 16-ஆம் வசனம் ஆண்டவரின் சொல்லா, நற்செய்தியாளரின் தியானமா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. மொழிபெயர்ப்பாளர் குறியை மூடும் இடத்தில் ஒரு விளக்கமே பிறந்துவிடுகிறது.

பங்குப் பணியில் நாம் கண்ட குடும்பப் பிணக்குகள் பலவும் 'அவர் அப்படிச் சொன்னாராம்' என்பதில் தொடங்கியவை. சொன்னது எது, கேட்டவர் சேர்த்தது எது என்று பிரித்தறிந்தபின் பாதிச் சினம் தணிந்துவிடும். கதைமாந்தர் கற்பனையே ஆயினும், அவர் வாக்கை அவருக்கே விட்டுக்கொடுக்கப் பழகும் எழுத்தாளர், அயலார் வாக்கையும் மதிக்கக் கற்கிறார்.