வரிசை எண் 146

மெஷின்ல ஸ்வெட்டர் பின்றேன்னு சொன்னா, "அப்ப பட்டனைத் தட்டினா அதுவே பின்னித் தள்ளிடுமே"ங்கறவங்கதான் ஜாஸ்தி. நம்ம ரங்கமணியும் அந்தக் கட்சி :-)

என்கிட்ட இருக்கறது பழைய பிரதர் கைமெஷின். கரண்டே வேணாம். வரிசையா 200 ஊசி, அதுக்கு மேல கேரேஜுன்னு இஸ்திரிப்பெட்டி சைஸ்ல ஒரு சமாச்சாரம். வலப்பக்கத்துலேர்ந்து இடப்பக்கம் ஒரு தள்ளு தள்ளினா ஒரு வரிசை. திரும்பித் தள்ளினா இன்னொண்ணு. பின்றது அதோட வேலை. எண்றது நம்ம வேலை.

கையால பின்றவங்க மடியில போட்டு டேப் வச்சுப் பாத்துக்கலாம். மெஷின்ல அது நடக்காது. துணி கீழே தொங்கிக்கிட்டிருக்கும், கண்ணி ஒழுங்கா விழறதுக்கு எடை வேற மாட்டியிருப்போம். அந்த நிலையில அளந்தா நீளம் பொய் சொல்லும். அதனால முன்னாடியே 40 கண்ணி, 60 வரிசையில ஒரு மாதிரித் துண்டு பின்னி, அலசி, காய வச்சு அளந்துக்கணும். 60 வரிசை 15 சென்டிமீட்டர் வந்தா, ஒரு சென்டிமீட்டருக்கு 4 வரிசை. 44 சென்டிமீட்டர் கைக்கு 176. அதுக்கப்புறம் டேப்பை மறந்துட வேண்டியதுதான்.

எண்றதுக்குத்தான் கவுண்டர் இருக்கேம்பீங்க. இருக்கு. கேரேஜ் நடுவுல தாண்டும்போது ஒரு நெம்பை இடிக்கும், எண் ஒண்ணு ஏறும். ஆனா பின்னினதா, சும்மா போச்சான்னு அதுக்குத் தெரியாது. பாதியில கேரேஜ் சிக்கி, எடுத்துப் பின்னாடி கொண்டு வந்தா அதையும் எண்ணி வைக்கும். சமத்து!

இதுக்கு ஒரு சுலபமான சோதனை. கேரேஜ் வலப்பக்கம் நிக்கும்போது 000 வச்சு ஆரம்பிச்சா, இரட்டைப்படை எண் வரும்போதெல்லாம் அது வலப்பக்கம்தான் இருக்கணும். ஒத்தைப்படைன்னா இடப்பக்கம். மாறி நின்னா எங்கயோ கணக்கு உதைக்குது. ரெண்டு வரிசை தப்பினா மட்டும் இதுல மாட்டாது, அதுக்குத்தான் 20 வரிசைக்கு ஒருதடவை ஓரக் கண்ணியில வேற கலர் நூல்துண்டு. கழுத்துல ரெண்டாப் பிரிக்கும்போது அந்த எண்ணை எழுதி வச்சுக்கிட்டு, அடுத்த தோளை ஆரம்பிக்கும்போது கவுண்டரை அங்கயே திருப்பி வைக்கணும். (நான் இருக்கறது நாட்டிங்காம். இதே பக்கத்துல, கால்வர்ட்டன் கிராமத்துப் பாதிரியார் வில்லியம் லீ, 1589-ல காலுறை பின்ற ஃப்ரேமைக் கண்டுபிடிச்சார்னு சொல்லுவாங்க. அதுல கவுண்டர் ஏது? மனுஷங்க எப்படித்தான் எண்ணினாங்களோ!)

இந்த மெஷின் பக்கத்து வீட்டுப் பாட்டியோடது. போன மார்கழியில தவறிட்டாங்க. அதுக்கப்புறம் தாத்தா மெஷினோட ஒரு பையும் கொண்டுவந்து குடுத்தார். உள்ள அவருக்குன்னு பின்ன ஆரம்பிச்ச கார்டிகன். முதுகு, முன்பக்கம் ரெண்டு, ஒரு கை. அவ்ளோதான். கோன்ல மிச்ச நூல் இருந்தது. "முடிச்சுத் தர முடியுமாம்மா?"ன்னுதான் கேட்டார்.

பாட்டியோட நோட்டுல எல்லாத்துக்கும் எண் இருக்கும். முதுகுக்கு இத்தனை, கழுத்துக்கு இத்தனைன்னு அஞ்சஞ்சு கோடாப் போட்டு வச்சிருந்தாங்க. கைக்கு மட்டும் "ரிப் 30, டென்ஷன் 7". அதோட நிக்குது. டென்ஷன் எழுதி வச்சதுக்கே கையெடுத்துக் கும்பிடணும். அது மாறினா, வரிசை சரியா இருந்தாலும் நீளம் சரியா வராது.

மிச்சத்தை முடிச்ச கையிலேர்ந்துதான் எடுக்கணும். ஜன்னல் பக்கம் மேஜையில விரிச்சு, குண்டூசியும் கையுமா உக்காந்தேன். பாட்டி கண்ணி கூட்டும்போது ஓரத்து மூணு கண்ணியை வெளியே நகத்திக் கூட்டுவாங்க, அதனால ஒவ்வொண்ணுக்கும் சின்னத் தழும்பு மாதிரி அடையாளம் தெரியும். எண்ணினா 20 அடையாளம். ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல 7 வரிசை. ஆக 140. கடைசி அடையாளத்துக்கு மேல 6. மூணு தடவை எண்ணினேன், மூணு தடவையும் 146.

ஏழு ஒத்தைப்படைங்கறதால கூட்டறது ஒருதடவை கேரேஜ் இடப்பக்கம், அடுத்த தடவை வலப்பக்கம்னு மாறி மாறி வந்தது. ஒரு ராத்திரி பூரா ரேடியோ கூட வைக்கலை. ரங்கமணி காபி கொண்டாந்து, பேசாம வச்சுட்டுப் போனார் (சரித்திரத்துல முதல் தடவை). 146-ல கேரேஜ் வலப்பக்கம் வந்து நின்னுது. ஓரத்துல ஏழு நூல்துண்டு, ஏழாவதுக்கு மேல 6 வரிசை.

அலசி, காய வச்சு, ரெண்டு கையையும் ஒண்ணு மேல ஒண்ணு போட்டேன். ஓரம் ஓரத்தோட நின்னுது.

தாத்தா போட்டுப் பாத்துட்டு ரெண்டு கையையும் முன்னால நீட்டினார். ரொம்ப நேரம் மாத்தி மாத்திப் பாத்தார். "இதுல அவ பின்னினது எது?"

"இடது கை, தாத்தா."

மிச்ச நூலையும் அவர்கிட்டயே குடுத்துட்டு வந்தேன். முழங்கை தேஞ்சா வேணுமில்ல.