பேர்ஹேவன் வயலில் கிடந்த ஓடம்

"யானையைக் கட்டித் தீனி போட முடியுமா?" என்று நம் வீடுகளில் பெரியவர்கள் கேட்பதுண்டு. சக்திக்கு மீறிய சொத்தை ஒருவன் வாங்கப் புறப்படும்போது, வாங்குகிற விலையோடு விஷயம் முடிந்துவிடாது என்று எச்சரிக்கும் வார்த்தை அது. அமெரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள சிறு துறைகளில் இத்தகைய யானைகளை மனமாரக் கட்டிக்கொண்டு தீனி போடுகிறவர்கள் பலரைக் காணலாம். அவர்கள் எல்லோரும் கோடீசுவரர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். பள்ளி ஆசிரியர்களும், தச்சர்களும், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களும் அவர்களில் உண்டு. ஆளுக்கொரு பாய்மர ஓடம். முப்பது அல்லது முப்பத்தைந்து அடி நீளம். உள்ளே இரண்டு மூன்று படுக்கைகள், ஓர் அடுப்பு, ஒரு தண்ணீர்த் தொட்டி. கோடை வந்தால் மனைவி மக்களுடன் தீவு தீவாகச் சென்று வருவார்கள். கடலில் சுகமாகக் கழிவது இரண்டு மூன்று மாதங்களே. மற்ற மாதங்களிலெல்லாம் அவர்கள் கையில் இருப்பது சுரண்டியும் தூரிகையும் ஊசியும்தான்.

அத்தகைய துறைகளுள் உலகப் பிரசித்தி பெற்றது மஸாசுஸெட்ஸ் மாகாணத்திலுள்ள பேர்ஹேவன். பாஸ்டன் நகரிலிருந்து தெற்கே சுமார் 60 மைல் தூரத்தில் அகுஷ்நெட் என்ற சிற்றாறு கடலோடு கலக்கிறது. அதன் மேற்குக் கரையில் நியூ பெட்போர்டு நகரம். கிழக்குக் கரையில் பேர்ஹேவன். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் திமிங்கில வேட்டைக்கு உலகத்தின் தலைநகரமாக விளங்கியது நியூ பெட்போர்டு. திமிங்கில எண்ணெயில்தான் அக்காலத்து அமெரிக்க வீடுகளில் விளக்கெரிந்தது. பிற்காலத்தில் 'மோபி டிக்' என்னும் நாவலை எழுதிய ஹெர்மன் மெல்வில், 1841-ஆம் வருஷம் ஜனவரி மாதம் வேட்டைக் கப்பலில் மாலுமியாகப் புறப்பட்டது இந்தப் பேர்ஹேவன் துறையிலிருந்துதான். 1859-இல் பென்ஸில்வேனியாவில் மண்ணெண்ணெய்க் கிணறு தோண்டினார்கள். அதன் பிறகு திமிங்கில எண்ணெய்க்கு மதிப்புக் குறைந்தது. பாய்க்கப்பல்களை நீராவிக் கப்பல்கள் துரத்தின. காப்டன்கள் வேலையின்றி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார்கள்.

நான் அந்த ஊருக்குச் சென்றது ஓர் ஏப்ரல் மாதத்தில். குளிர் முழுவதும் விலகவில்லை. கரையோரத்தில் வரிசையாக ஓடங்கள் மரக்கட்டைகளின்மேல் ஏற்றி நிறுத்தப்பட்டிருந்தன. இலையுதிர் காலத்தில் அவற்றைத் தண்ணீரிலிருந்து தூக்கி, மேலே உறை போர்த்தி வைக்கிறார்கள். வசந்தம் வந்தவுடன் உறையைப் பிரித்துப் பழுது பார்த்து மறுபடியும் கடலில் இறக்குகிறார்கள். தலை நரைத்த ஒருவர் மல்லாந்து படுத்துத் தம் ஓடத்தின் அடிவயிற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சிவப்பு வர்ணத் தூள். "கூலிக்கு ஆள் வைத்துக் கொள்ளக் கூடாதா, ஐயா?" என்று கேட்டேன். அவர் எழுந்து உட்கார்ந்து, "வைத்துக் கொள்ளலாம். ஆனால் நடுக்கடலில் ஏதாவது முறிந்தால் அந்தக் கூலியாள் என்னோடு இருக்க மாட்டானே!" என்றார்.

பிறகு அவர் சந்தோஷமாகவே எனக்குப் பாடம் நடத்தினார். நாள் முழுதும் மாணவர்களுக்குப் பாடம் சொல்லுகிறவனுக்கு, தான் மாணவனாக நிற்பது ஒரு தனி இன்பம். ஓடத்தின் சத்துருக்கள் யார் யார் என்பதை அவர் விரல் விட்டு எண்ணினார். கடல் நீரில் நிற்கும் எந்தப் பொருளின்மேலும் பாசியும் கொட்டலசும் ஒட்டி வளரும்; ஓடத்தின் வேகம் பாதியாகிவிடும். அவற்றைத் தடுக்கத்தான் செம்பு கலந்த வர்ணத்தை அடிப்பாகத்தில் பூசுகிறார்கள். மர ஓடமாயின் கப்பற்புழு என்றொரு பிராணி உண்டு. பெயர் புழுவேயன்றி அது சிப்பி இனத்தைச் சேர்ந்தது. ஊசித் துவாரம்போல் உள்ளே நுழைந்து, வெளியே அடையாளம் தெரியாமல் பலகை முழுவதையும் குடைந்து விடும். மழைத் தண்ணீர் இன்னொரு சத்துரு. கேட்பதற்கு வியப்பாக இருக்கும். கடலின் உப்பு நீர் மரத்தைக் காக்கிறது, வானத்தின் நல்ல நீரோ மூலை முடுக்குகளில் தேங்கி மரத்தை உளுக்கச் செய்கிறது. பாய்க்கு வெயில் பகை. கயிற்றுக்கு உராய்தல் பகை.

அவர் எனக்குக் காட்டிய பொருள்களில் ஒன்று என் மனத்தை மிகவும் கவர்ந்தது. உள்ளங்கையளவு துத்தநாகக் கட்டி ஒன்று, எலி கடித்த வெல்லக்கட்டிபோல் அரிக்கப்பட்டிருந்தது. கடல் நீரில் இரண்டு வேறு உலோகங்கள் சேர்ந்திருந்தால் மெல்லிய மின்சாரம் பிறந்து, அவற்றுள் எளிதில் கரையக்கூடியது கரையத் தொடங்கும். ஓடத்தின் வெண்கலச் சுழலியும் எஃகுத் தண்டும் அரிக்கப்படாமல் இருக்க, அவற்றின் பக்கத்தில் துத்தநாகத்தைக் கட்டிவிடுகிறார்கள். அது தான் கரைந்து மற்றவற்றைக் காப்பாற்றுகிறது. கட்டி தேய்ந்தவுடன் புதிது மாற்ற வேண்டும். "மாற்ற மறந்தால் என்ன ஆகும்?" என்றேன். "கடல் மறக்காது" என்றார் அவர்.

பேர்ஹேவனுக்கு உலகப் புகழ் வந்தது ஒரு காப்டனும் ஒரு பழைய ஓடமும் சேர்ந்து செய்த காரியத்தால். அவர் பெயர் ஜாஷுவா ஸ்லோக்கம். 1844-இல் கானடாவைச் சேர்ந்த நோவா ஸ்கோஷியாவில் பிறந்தவர். பெரிய பாய்க்கப்பல்களுக்குத் தலைவராக இருந்து உலகத் துறைமுகங்களையெல்லாம் கண்டவர். 1887-இல் அவருடைய சொந்தக் கப்பல் பிரேஸில் கரையில் மோதி உடைந்தது. மனைவியும் இரண்டு புதல்வர்களும் உடனிருந்தனர். அவர் பிறர் தயவை எதிர்பார்த்து நிற்கவில்லை. அங்கேயே 35 அடி நீளத்தில் ஓர் ஓடத்தைக் கட்டினார். பாய்களைத் தைத்தவர் அவருடைய மனைவி. 1888-ஆம் வருஷம் மே மாதம் 13-ஆம் தேதி, பிரேஸிலில் அடிமைகள் விடுதலை பெற்ற அதே தினத்தில், அவ்வோடம் நீரில் இறங்கியது. அதற்கு 'லிபர்தாதே' என்று பெயரிட்டார்கள். விடுதலை என்பது பொருள். குடும்பம் முழுவதும் அதிலேறி அமெரிக்கா வந்து சேர்ந்தது.

1892-ஆம் வருஷம் குளிர்காலத்தில் வேலையின்றி இருந்த ஸ்லோக்கத்திடம், பழைய திமிங்கில வேட்டைக்காரரான காப்டன் பியர்ஸ் என்பவர், பேர்ஹேவனில் தம்மிடம் ஒரு கப்பல் இருப்பதாகவும், வந்து எடுத்துக்கொள்ளலாம் என்றும், ஆனால் கொஞ்சம் பழுது பார்க்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். ஸ்லோக்கம் போய்ப் பார்த்தார். கடலிலிருந்து சற்றுத் தொலைவில், ஒரு வயலில், முட்டுக் கொடுத்து நிறுத்தப்பட்டு, கித்தான் போர்த்திக் கிடந்தது 'ஸ்ப்ரே' என்ற ஓடம். ஏழு வருஷமாக அது அங்கேயே கிடந்தது. உடைத்து விறகாக்கத்தான் வந்திருக்கிறார் என்று ஊரார் நினைத்தார்கள். திரும்பக் கட்டப் போகிறேன் என்று அவர் சொன்னபோது, அதனால் லாபம் உண்டா என்பதுதான் எல்லோரும் கேட்ட கேள்வி.

அவர் செய்த வேலையைக் கேளுங்கள். அருகில் நின்ற ஓர் ஓக் மரத்தை வெட்டி ஏராக்கட்டை செதுக்கினார். இளமரங்களை நீராவிப் பெட்டியில் வேகவைத்து, இளகியதும் வளைத்து விலா எலும்புகளாகப் பொருத்தினார். ஜார்ஜியா தேவதாரு இனத்தில் ஒன்றரை அங்குலப் பலகைகளை அறைந்தார். பலகைகளின் இடுக்குகளில் பஞ்சும் சணல் நாரும் திணித்து அடைத்தார். நம் கரையோரத் தோணிக்காரர்கள் இந்த வேலையைக் கலப்பற்று என்பார்கள். அடிப்பாகத்தில் செம்பு வர்ணம், மேற்பாகத்தில் வெள்ளீய வர்ணம். பழைய பலகை ஒவ்வொன்றாகப் போய்ப் புதிது ஒவ்வொன்றாக வந்தது. எந்தக் கணத்தில் பழைய ஓடம் மறைந்து புதிய ஓடம் பிறந்தது என்று தமக்கே சொல்லத் தெரியவில்லை என்கிறார் ஸ்லோக்கம். நீளம் 36 அடி 9 அங்குலம். அகலம் 14 அடி 2 அங்குலம். சாமான்களுக்கு ஆன செலவு 553 டாலர் 62 சென்ட். உழைப்பு, 13 மாதம்.

1895-ஆம் வருஷம் ஏப்ரல் 24-ஆம் தேதி பாஸ்டனிலிருந்து ஸ்லோக்கம் தனியாகப் புறப்பட்டார். 1898-ஆம் வருஷம் ஜூன் 27-ஆம் தேதி நியூபோர்ட்டு துறையை அடைந்தார். இடையில் 46,000 மைல். உலகத்தைத் தன்னந்தனியாக ஓடத்தில் சுற்றி வந்த முதல் மனிதர் அவரே. ஆனால் அந்தப் பிரயாணத்தைக் கூர்ந்து படிக்கிறவர்களுக்கு அது மூன்று வருஷப் பழுது பார்க்கும் வேலையாகவும் தோன்றும். மொராக்கோ கரைக்கு அப்பால் கொள்ளைக்காரர்கள் துரத்தியபோது பாயைத் தாங்கும் நீள்கட்டை முறிந்தது, சேர்த்துக் கட்டினார். போனஸ் அயர்ஸில், முன்னுள்ள புயற்கடலை எண்ணிப் பாய்மரத்தில் ஏழடி வெட்டிக் குறைத்தார். மகெல்லன் ஜலசந்தியின் குளிரில் கிழிந்த பாய்களைத் தைத்தார். பின்புறத்தில் சிறு பாய்மரம் ஒன்று சேர்த்தார். டாஸ்மேனியாவில் ஓடத்தைக் கரையேற்றிக் கப்பற்புழு இருக்கிறதா என்று பலகை பலகையாகச் சோதித்து, மறுபடியும் செம்பு வர்ணம் பூசினார். வியாழக்கிழமைத் தீவிலிருந்து கீலிங் தீவுகள் வரை 2,700 மைலை 23 நாளில் கடந்தபோது அவர் சுக்கானைப் பிடித்து நின்றது மொத்தம் மூன்று மணி நேரத்துக்கு மேல் இல்லை. ஒவ்வொரு மரத்தையும் தாமே அளந்து பொருத்தியவரானபடியால், பாய்களை எப்படிச் சமன்படுத்தினால் ஓடம் தானே நேராகப் போகும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஊர் திரும்பிய சில தினங்களில் அவர் பேர்ஹேவனுக்கு ஓடத்தைக் கொண்டு சென்று, முதன்முதல் நீரில் இறக்கியபோது கட்டிவைத்த அதே மரத்தறியில் கட்டினார். ஒரு சொட்டு நீர்கூட உள்ளே கசியவில்லை என்று எழுதியிருக்கிறார். ஓடத்தைக் கட்டிய இடத்தில் இன்று ஒரு நினைவுக் கல் நிற்கிறது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! அவருடைய கடைசி வருஷங்களில் 'ஸ்ப்ரே'யைப் பார்த்தவர்கள், கயிறுகள் நைந்தும் மரங்கள் கவனிப்பாரற்றும் இருந்ததாகக் குறித்திருக்கிறார்கள். 1909-ஆம் வருஷம் நவம்பர் மாதம், 65-வது வயதில், மார்த்தாஸ் வின்யார்டு தீவிலிருந்து தென் அமெரிக்காவை நோக்கி அவர் மறுபடியும் தனியே புறப்பட்டார். அதற்குப் பிறகு அவரையாவது அவ்வோடத்தையாவது கண்டவர் இல்லை. நீராவிக் கப்பல் மோதியதோ, பழுதான பலகை விட்டுப் போனதோ, யாருக்கும் தெரியாது. 1924-இல் நீதிமன்றம் அவர் இறந்துவிட்டதாகத் தீர்மானித்தது. எவன் கையால் உயிர் பெற்றதோ, அவன் கை ஓய்ந்தபோது அந்த ஓடமும் ஓய்ந்தது என்று எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது.

இந்தப் பாடம் நம் தேசத்தாருக்குத் தெரியாததன்று. கோவாவில் மாண்டவி நதியிலுள்ள திவார் தீவில் கட்டப்பட்டது 'மாதேய்' என்ற பாய்மர ஓடம். அது உருவாகும் காலத்திலேயே உடனிருந்து அதன் ஒவ்வோர் உறுப்பையும் அறிந்துகொண்ட திலீப் தோந்தே என்ற கடற்படை அதிகாரி, 2009 ஆகஸ்டில் மும்பையிலிருந்து அதில் புறப்பட்டு, 2010 மே மாதத்தில் திரும்பினார். தனியாக உலகத்தைப் பாய்மர ஓடத்தில் சுற்றிய முதல் இந்தியர் அவர். அதே தீவில் பிறந்த 'தாரிணி' என்ற ஓடத்தில், புதுச்சேரியைச் சேர்ந்த நம் தமிழ்ப் பெண் ரூபா அழகிரிசாமியும், கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும் 2024 அக்டோபர் 2-ஆம் தேதி கோவாவிலிருந்து கிளம்பினார்கள். இருவரே மாலுமிகள், இருவரே தச்சர்கள், தையற்காரர்கள், சமையற்காரர்கள். பிரிமாண்டில், லிட்டல்டன், போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன் என்ற நான்கு துறைகளில் தங்கி, ஓடத்தைச் செப்பனிட்டு, தென் அமெரிக்காவின் கொம்பு முனையையும் கடந்து, 2025 மே 29-ஆம் தேதி கோவா திரும்பினார்கள்.

அவர்கள் வந்து இறங்கிய படத்தைப் பத்திரிகைகளில் பார்த்து நாம் பெருமை அடைந்தோம். அந்தப் பெருமைக்குப் பின்னே, இரவு நேரத்தில் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு நைந்த கயிற்றைத் தேடிக் கண்டுபிடித்து மாற்றிய விரல்கள் இருக்கின்றன. நம் குடும்பங்களில் படித்த பிள்ளை சுத்தியலைத் தொட்டால் இன்னும் முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. ஆணி அடிப்பதற்குக்கூட ஆளனுப்பி அழைப்பதைக் கௌரவம் என்று எண்ணுகிறோம். நாமெல்லோரும் ஓடம் வாங்கப் போவதில்லை. ஆனால் வீட்டில் கிணற்று ராட்டினம் கிறீச்சிடுகிறது, சைக்கிள் சங்கிலி கழன்று விழுகிறது, குழாய் சொட்டுகிறது. அவற்றைப் பையனும் பெண்ணும் பிரித்துப் பார்க்கட்டும். கை கறுத்தால் சோப்பு இருக்கிறது.